பிரிட்ஜுக்குப் பெரட்டு

பிரிட்ஜ் வாங்கியது ஜீவராணி. அது உறுமுகிற சத்தத்தை இராப்பகலாகக் கேட்டுக் கிடந்தவள் நான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்தே நான் "நூறு" சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட சுவரோடு ஒட்டித்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

என் பெயர் ராசம்மா. நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பறித்து, முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகு வேலையை விட்டவள். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ராசம்மாவின் வாய் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஜீவராணியைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு எவரும் ஒழுங்காகச் சொல்லப்போவதில்லை.

ஜீவராணி என் பக்கத்து வீட்டுக்காரி. மலையில் கொழுந்து பறிக்கிறாள், வீட்டில் இரண்டு மாடு வைத்திருக்கிறாள். அவள் புருஷன் யோகேஸ்வரன் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றி இறக்குகிறவன். ஒரே பிள்ளை, கிருஷாந்தி. அந்தப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஜீவராணி வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். பிள்ளையை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவள் திரும்பி வந்த நாளில், தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது யாரும்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டது. ஜீவராணியின் முகம் அப்போது போன போக்கை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். அந்த 'அம்மா' எனக்கு உரியதில்லை என்று எனக்கே கூசிப்போய்விட்டது.

அதற்குப் பிறகு தாயும் பிள்ளையும் ஒன்றாகச் சேர்வதற்கு எவ்வளவு காலம் ஆனது என்பது எனக்குத் தெரியும். சேர்ந்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லாமல் சோறு இறங்காது.

அப்படி இருக்கும்போது மறுபடியும் குவைத்துப் பேச்சு கிளம்பியது. சாமான் விலை ஏறி, இரண்டு பேர் சம்பளமும் கைக்கும் வாய்க்குமே சரியாகப் போனது. ஹட்டனில் இருக்கிற ஏஜென்சிக்காரன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட்டும் புதுப்பித்தாகிவிட்டது. யோகேஸ்வரன் கெட்டவன் இல்லை. வேறு வழி தெரியாதவன், அவ்வளவுதான். பிள்ளைக்கு மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று என்னிடம் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து கேட்டுக்கொண்டார்கள்.

வழியை ஜீவராணிதான் கண்டுபிடித்தாள். எங்கள் பக்கம் பால் எடுக்கிற வண்டி காலையில் மட்டும்தான் வரும். காலையில் கறந்த பால் நேரே அதில் போய்விடும். மாலையில் கறப்பதை என்ன செய்வது? தேத்தண்ணிக் கடைக்குக் கொஞ்சம், மீதி எனக்கும் மற்றவர்களுக்கும் சும்மா. வைத்திருந்து மறுநாள் கொடுத்தால், சோதித்துப் பார்த்துவிட்டுப் புளித்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாலைக் காலைவரை கெடாமல் வைக்க ஒரு பிரிட்ஜ் இருந்தால், இன்னொரு ஆள் சம்பளம் மாதிரி வீட்டுக்கு வரும் என்று அவள் கணக்குப் போட்டாள். யோகேஸ்வரன் தலையைச் சொறிந்தான். பால் கொண்டுவருகிறதை எல்லாம் கரண்ட் தின்றுவிடும் என்றான். அதற்கு அவள் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"ரெண்டு பில்லு வரட்டுங்க. சாயந்திரப் பாலு வீட்டைத் தாங்குச்சுன்னா நான் இங்கயே இருக்கேன். தாங்கலைன்னா நானே போறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேணாம்."

யோகேஸ்வரன் சரி என்றான். நோர்வூட்டில் பாவித்த சாமான்களைத் திருத்தி விற்கிற பாஹிம் நானாவின் கடையிலிருந்து ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்று லொறியில் வந்து இறங்கியது.

லயமே கூடி நின்று பார்த்தது. எங்கள் வரிசையில் அதுதான் முதல் பிரிட்ஜ். யோகேஸ்வரனுக்கு அதன்மேல் ஒரே பாசம். மழையும் மூடுபனியும் உள்ளே அடிக்கிற வீடு, ஈரம் பட்டுக் கெட்டுவிடும் என்று முதலில் அதைச் சுவரோடு சுவராகத் தள்ளி வைத்தான். அப்புறம் அவன் செய்த வேலை இருக்கிறதே, அதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். தோட்டத்தில் கொடுத்த கம்பளியை எடுத்து பிரிட்ஜைச் சுற்றிக் கட்டினான். கயிறு போட்டு, கதவு திறக்க இடம் விட்டு, ரொம்பக் கச்சிதமாகக் கட்டினான். எங்களுக்கு மழைக்கும் கம்பளி, குளிருக்கும் கம்பளி, மலையில் கூடை சுமக்கும்போது தலையிலும் கம்பளி. ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி வைத்தால் கரையாமல் இருக்கிறதல்லவா, அதே மாதிரி பெட்டிக்குள் இருக்கிற குளிரும் வெளியே ஓடாது என்று அவன் விளக்கம் வேறு சொன்னான். கேட்ட நாங்கள் எல்லோரும் மண்டையை ஆட்டினோம். என்ன மூளை இவனுக்கு என்று நான்கூட நினைத்தேன்.

பிறகு ஆரம்பித்தது எங்கள் பங்கு. லயத்தில் ஒரு வீட்டில் அம்மிக்கல் இருந்தால் அது எல்லோருக்கும் அம்மிக்கல். ஏணி இருந்தால் எல்லோருக்கும் ஏணி. பிரிட்ஜும் அப்படித்தான் ஆனது. வினோதா மிஞ்சிய சாம்பாரைச் சட்டியோடு கொண்டுவந்து ஆவி பறக்க உள்ளே வைத்தாள். கோடி வீட்டுச் செல்லசாமிக்குத் தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டுமாம். ஊரே பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்குகிற இடத்தில் இந்த மனுஷனுக்குக் குளிர்ந்த தண்ணீர்! பிள்ளைகள் சும்மாவே கதவைத் திறந்து, உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டு மூடும். நான் மீன் வைத்தேன், தேங்காய்ச் சில் வைத்தேன், வெற்றிலைகூட வைத்தேன். வாடாமல் இருக்கிறதே, ஏன் வைக்கக்கூடாது? ஜீவராணி மாலையில் கறந்த பாலை, மாட்டு மடிச் சூடு ஆறுவதற்குள், கேனோடு அப்படியே உள்ளே இறக்குவாள்.

மோட்டர் நிற்கவே இல்லை. நான் படுக்கும்போதும் ஓடியது, எழும்போதும் ஓடியது. மேலே இருக்கிற ஐஸ் பெட்டியில் வெள்ளை வெளேரென்று ஐஸ் கட்டி, அதன் சின்னக் கதவே மூடமுடியாமல் போனது. பாருங்கள், என்னமாய்க் குளிர் பிடித்திருக்கிறது என்று செல்லசாமி அதைப் பெருமையாகத் தடவிப் பார்ப்பான்.

முதல் பில் வந்தது. யோகேஸ்வரன் அதைப் பார்த்துவிட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தவன் எழும்பவே இல்லை. மாலைப் பால் கொண்டுவந்ததை அந்தப் பெட்டி சுத்தமாகத் தின்றுவிட்டு, காலைப் பாலிலும் கைவைத்திருந்தது. யூனிட் ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் சேர்ந்து ஏறும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.  அன்று மாலை ஜீவராணி பிள்ளைக்குத் தலை சீவும்போது சீவினாள் சீவினாள், விடவே இல்லை.  இன்னும் ஒரே ஒரு பில்தான் பாக்கி.

மறுநாள் யோகேஸ்வரன் நேரே பாஹிம் நானாவின் கடைக்குப் போய், ஓட்டைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டிருக்கிறான். நானா கோபப்படவில்லை. கொட்டுகிற மழையில் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பிரிட்ஜைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன தம்பி, காய்ச்சலா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நானா கம்பளியின் கயிற்றை அவிழ்த்தார். யோகேஸ்வரனின் கையைப் பிடித்துப் பிரிட்ஜின் பக்கவாட்டில் வைத்தார். சுட்டது. நாங்களும் ஆளுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தோம்.

"இது குளிரை உண்டாக்குற பெட்டி இல்ல. உள்ளுக்கு இருக்கிற சூட்டை அள்ளி வெளியில போடுற பெட்டி. போடுற இடத்தைக் கம்பளியால மூடி, பின்னாலயும் சுவரோட நெருக்கிட்டீங்க. பாவம், அது எங்க கொண்டுபோய்ப் போடும்?"

அவரே பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, நடுவில் கை நுழைகிற அளவுக்கு இடம் விட்டார். ஐஸ் தடித்துப்போனால் அதுவே போர்வை மாதிரிக் குளிரைத் தடுக்கும், மோட்டருக்குத்தான் வேலை கூடும் என்று சொல்லி, அணைத்துவிட்டுக் கரைய வைக்கச் சொன்னார். கதவின் ரப்பரில் பால் பிசுக்கு ஒட்டியிருந்ததையும் காட்டினார். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பியவரை ஜீவராணி நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப உள்ளுக்கு சூடு போகாமப் பாத்துக்கிட்டா, அதுக்கு வேலையே இல்லதானே நானா?"

நானா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவ்வளவுதான் தங்கச்சி, அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல என்றார்.

நானும் அங்கேதான் இருந்தேன். அதே பேச்சு என் காதிலும் விழுந்தது. எனக்கு அது பேச்சாகவே போனது. அவளோ அதைப் பிடித்துக்கொண்டாள். சூடு எந்த வழியாக உள்ளே போகிறது? அன்றிலிருந்து அவள் கண் முழுக்க அதில்தான். ரப்பரை வெந்நீர்த் துணியால் துடைத்தாள். ஐஸைக் கரைய விட்டாள், பிறகு திரும்பத் தடிக்க விடவில்லை. செல்லசாமி ஒரு சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்று அந்த ஐஸ் கரைவதைப் பார்த்தான்.

அடுத்தது கதவு. அதுதான் பெரிய வினை. பிரிட்ஜைத் திறக்காதே என்று லயத்தில் யாரிடம் சொல்வது? சொன்னால் அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்துவிடும். பிரிட்ஜ் வந்ததும் ராங்கி வந்துவிட்டது என்பார்கள். நானே சொல்லியிருப்பேன். ஜீவராணி இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. அவள் பிரிட்ஜுக்குப் பெரட்டு வைத்தாள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்போமே, அதுதான் பெரட்டு. பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் சனங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழகிப்போன விஷயம். ஜீவராணி வீடு வீடாக வந்து சொன்னாள். காலையில் பால் வெளியே போகும்போது ஒரு தடவை, மாலையில் பால் உள்ளே போகும்போது ஒரு தடவை, கதவு திறக்கும். வைக்கிறவர்கள், எடுக்கிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கு இஸ்தோப்பில் வந்து நிற்க வேண்டும். யாருக்கு என்ன வேண்டும் என்பதைக் கதவு திறக்கிறதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சூடான எதுவும் உள்ளே போகாது. பிந்தி வந்தால் அடுத்த பெரட்டுக்குத்தான்.

இதை விளையாட்டாக நினைத்துத்தான் எல்லோரும் போனோம். போய் நின்ற பிறகு பார்த்தால், பெரிய துரையின் பெரட்டுக்கூட அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. எது எங்கே இருக்கிறது என்பது அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். கதவைத் திறந்தாள் என்றால் இந்தக் கை எடுக்கும், அந்தக் கை வைக்கும். வினோதாவின் சட்டி, என் மீன், பழனியாண்டி வீட்டு மருந்துப் போத்தல், எல்லாம் ஆள் ஆளுக்குப் போய்ச் சேரும். நான் ஒரு தடவை கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் கதவும் மூடியிருந்தது. அந்தக் கை வேகம் கொழுந்து பறித்து வந்த வேகம். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும்.

ஆனாலும் எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. ஒரு நாள் என் மகன் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்பிலிருந்து வந்து நின்றான். மீன் பிரிட்ஜில். நேரமோ பகல். ஜீவராணி மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டுச் சாப்பிட வந்திருந்தாள். போய்க் கேட்டேன். மாலைப் பெரட்டுக்கு எடுத்துத் தருகிறேன் அக்கா என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. உன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய கைக்கு ஒரு துண்டு மீன் எடுத்துக் கொடுக்க உனக்கு மனம் வரவில்லையா என்று லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். அவள் தலை குனிந்து நின்றாள். ஆனால் கதவைத் திறக்கவில்லை. என் மகனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவளோடு பேச்சை நிறுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் நான் பானையை உருட்டுவேன்.

அந்தக் கோபம் பீலிக்கரையில் தீர்ந்தது. மலையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரைத் தகரக் குழாயில் விழ வைத்திருப்போம், அதுதான் எங்களுக்குப் பீலி. குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாம் அங்கேதான். ஒரு மாலையில் குடத்தோடு போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பீலியின் கீழே ஜீவராணி நிற்கிறாள். தண்ணீர் விழுகிற பள்ளத்தில் பால் கேனைக் கழுத்து வரை இறக்கி, சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. தண்ணீர் ஐஸ் மாதிரி. நான் குடத்தை நிறைக்கிறதற்குள் எனக்கே கை விறைத்துவிட்டது.

பேசக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. என்னடி செய்கிறாய் என்று கேட்டுவிட்டேன்.

"மடிச் சூட்டோட உள்ள வச்சா அது ராவெல்லாம் ஓடுதுக்கா. இந்தச் சூட்டைப் பீலித் தண்ணி சும்மாவே எடுத்துருது. பாதி வேலைய இது செஞ்சா, மீதிதானே அதுக்கு."

காலையில் பெரட்டுக்குப் போய், பகல் முழுக்க மலையில் நின்று, புல் அறுத்து, மாடு கறந்து, அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரில் வந்து நிற்கிறாள். கேனைத் தூக்கி மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். போதாது என்று திரும்ப இறக்கினாள். மனுஷியா இவள்?  என் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, நகர்ந்து நில் என்று சொல்லி அந்தக் கேனை நான் பிடித்துக்கொண்டேன். கையைச் சேலைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளச் சொன்னேன். அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் பிடித்தோம். மீனைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் படுத்திருக்கும்போது, திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எழுந்து விளக்கைப் போட்டேன். எரிந்தது. மோட்டர்தான் நின்றிருந்தது. கொஞ்சம் ஓடும், நின்றுவிடும். அப்புறம் வெகுநேரம் ஓடாது. பால் மட்டும் காலையில் ஜில்லென்று அப்படியே இருக்கும். ஒரு நாள்கூட அதைத் திருப்பி அனுப்பவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. அம்மா, தாயே, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் மீட்டர் பார்க்கிறவர் வருவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதா வரவேண்டும்? டயகம, நோட்டன் பிரிட்ஜ் என்கிற ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு எங்கள் பெரட்டெல்லாம் தெரியுமா? ஒரு பிள்ளை ஐஸ் கேட்கிறது, ஒரு மச்சான் சோடா வைக்க வருகிறான். ஜீவராணி கோயிலில் பொங்கல் பானையோடு நிற்கிறாள். அவளுக்கு முகம் சாமி பக்கம், மனம் பிரிட்ஜ் பக்கம். நீ போய்ச் சாமியைப் பார், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பிரிட்ஜ் கதவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வாயை எதற்குக் கடவுள் கொடுத்தான் என்பது எனக்கு அந்த நாட்களில்தான் விளங்கியது. சோடாக்கார மச்சானைப் பீலிக்கு அனுப்பினேன், அங்கே போட்டால் இதைவிடக் குளிரும் என்று சொல்லி. ஐஸ் கேட்ட பிள்ளைக்கு முறுக்குக் கொடுத்தேன். திருவிழா முடிந்து எல்லா வீட்டிலும் கறி சமைத்த நாளில், செல்லசாமி ஒரு பெரிய சட்டியைத் துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். மிஞ்சிய ஆட்டுக்கறி. இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆற வைத்துவிட்டு மாலைக்கு வா என்றேன். சொந்தக்காரர்கள் முன்னால் என்னை அவமானப்படுத்தாதே ராசம்மா என்றான். ஒரு சட்டியில் என்ன வந்துவிடப்போகிறது என்று கதவில் கை வைத்தான். பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்பதற்காக நாங்கள் லயத்தில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அந்தக் குவைத்துப் பேச்சு. அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் பிள்ளை இல்லை என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"இந்த பில்லு கூடுனா அந்தப் பொண்ணு குவைத்துக்குப் போயிரும் அண்ணே. உங்க சட்டியால போகணுமா?"

செல்லசாமி கதவிலிருந்து கையை எடுத்தான்.  சட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அன்று மாலைப் பெரட்டுக்கும் அவன் வரவில்லை. கறியை லயம் முழுக்க வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துத் தீர்த்துவிட்டானாம். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நல்ல ருசி.

மாத்தயா என்று நாங்கள் கூப்பிடுகிற மீட்டர் பார்க்கிற பையன் வந்த காலையில் லயத்தில் ஒரு ஆளும் வீட்டுக்குள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதிரி எல்லோரும் வாசலில். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, என்ன விசேஷம் என்று சிங்களத்தில் கேட்டான். பில்லைக் கிழித்து யோகேஸ்வரன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போனான்.

யோகேஸ்வரன் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். உள்ளே போய்ப் போன மாத பில்லை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பேசித் தொலையேன்டா என்று கத்தவேண்டும் போல இருந்தது எனக்கு. ஜீவராணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  அவன் பொக்கட்டிலிருந்து போனை எடுத்து ஹட்டன் ஏஜென்சிக்காரனுக்குப் போட்டான்.

"இல்லைங்க, அவ வரல. இனிமே இந்த நம்பருக்கு எடுக்க வேணாம்."

பில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பிரிட்ஜின் பங்கைக் கழித்துப் பார்த்தால் மாலைப் பால் காசில் பெரும்பங்கு வீட்டில் நின்றது. வினோதா கைதட்டினாள். செல்லசாமி மூக்கைச் சிந்தினான், தடிமன் என்றான். நான் ஜீவராணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நிறைய கெட்டிக்காரிகளைப் பார்த்திருக்கிறேன். இவளைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று அவள் காதிலேயே சொன்னேன்.

மத்தியானம் கிருஷாந்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஜீவராணி அன்றைக்கு மலைக்குப் போகவில்லை. பிள்ளைக்கென்று பாலில் சீனி கலந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, முதல் தடவையாக மேலே ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாள். புத்தகப் பையை வாங்கி வைத்துவிட்டு, உனக்குப் பால் ஐஸ் வைத்திருக்கிறேன், நீயே போய்த் திறந்து எடுத்துக்கொள் என்றாள்.

பிள்ளை அசையவில்லை. பிரிட்ஜைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. வேண்டாம் என்றது. யோசித்துப் பார்த்தால், லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் அந்தக் கதவைத் திறந்து விளையாடிய காலத்திலும் இது ஒரு தடவைகூட அதைத் தொட்டதை நான் பார்த்ததில்லை. பயந்த பிள்ளை என்று நினைத்திருந்தேன். ஏன் வேண்டாம், உனக்காகத்தானே வைத்தேன் என்று ஜீவராணி கேட்டாள்.

"தொறக்க வேணாம்மா. தொறந்தா நீங்க குவைத்துக்குப் போயிருவீங்க."

ஜீவராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யோகேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குக் கண்ணை மறைத்தது. பெரியவர்கள் நாங்கள் மூன்று பேரும் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அந்தப் பிள்ளை முதல் நாளிலிருந்தே தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது.

ஜீவராணி எழுந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், பிரிட்ஜின் கதவை அகலத் திறந்தாள். கிண்ணத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். கதவை மூடவில்லை. அதன் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். உள்ளே விளக்கு எரிந்தது, குளிர் புகைபோல வெளியே இறங்கியது. மோட்டர் ஓட ஆரம்பித்தது. அம்மா எங்கேயும் போகமாட்டேன், நீ மெதுவாகச் சாப்பிடு என்றாள். பிள்ளை கதவை ஒரு பார்வை, அம்மாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே முதல் கரண்டியை வாயில் வைத்தது.

கிண்ணம் காலியாகும்வரை அந்தக் கதவு திறந்தே கிடந்தது. மூடச் சொல்லி எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.